கிள்ளான் மண்டபத்தில் ஒரு ஜப்பான் அழுகை

எங்கள் இசைக்குழுவில் நான் பாடுகிறேன். டிரம்ஸ் வாசிப்பவர் என் முன்னாள் கணவர். இதைக் கேட்டதும் எல்லோரும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு அவர் முகத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் தயங்கித் தயங்கி, அது எப்படி என்று கேட்பார்கள். அதில் ஒரு மர்மமும் இல்லை. கிள்ளான் வட்டாரத்தில் கல்யாண விருந்துகளுக்கு வாசிக்கும் குழுக்கள் நிறைய உண்டு. தாளம் ஓடாமல் வாசிக்கிற டிரம்மர்கள்தான் குறைவு. கிடைத்த ஒருவரை, நான் கட்டிக்கொண்டு விட்டுவிட்டேன் என்பதற்காகக் குழுவும் விட்டுவிட முடியுமா?

குழுவை நடத்துகிற அண்ணன் பகலில் கிள்ளானில் லோரி உதிரிப்பாகங்கள் விற்கிறவர், சாயங்காலமானால் கீபோர்டு. எங்கள் கல்யாணத்துக்கு வாசித்தவரும் அவர்தான். விவாகரத்துக்காக நீதிமன்றத்துக்குப் போனபோது எங்கள் இருவரையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு போனவரும் அவர்தான். அங்கே பார்க்கிங் கிடைக்காது, எதற்கு இரண்டு வண்டி என்றார். எல்லாம் முடிந்து திரும்பி வரும்போது, சனிக்கிழமை ஷா ஆலாமில் ஒரு டின்னர் இருக்கிறது, இரண்டு பேரும் வருகிறீர்கள்தானே என்று கேட்டார். இருவரும் வருகிறோம் என்றோம். அப்படியே தொடர்ந்துவிட்டது.

பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அவர் வீட்டிலும் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார். சாப்பாட்டு மேசை, ஃபிரிட்ஜ் கதவு, என் தோள், எதுவும் தப்பாது. அவரைக் கேட்டால், நான் எதையும் திருத்தாமல் விட்டதில்லை என்று சொல்வார். இரண்டுமே உண்மை.

விவாகரத்துக்குப் பிறகு நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. அண்ணன் வழியாகத்தான் பேச்சு. ஒரே வேனில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருப்போம். "அவங்க ரெண்டாவது சரணத்துல முந்துறாங்கண்ணே" என்று பின்னாலிருந்து குரல் வரும். "அவரு அந்த இடத்துல உருட்டாம இருந்தா நான் ஏன் முந்தப் போறேன்னு கேளுங்கண்ணே" என்பேன். அண்ணன் ஃபெடரல் நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே, இரண்டு பேர் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் இரண்டு பேருக்கும் ஒப்பிப்பார். கிட்டார்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் யாரிடமும் பேசுவதில்லை, அதனால் அவரோடு சிக்கல் இல்லை.

நாங்கள் ஒத்திகை பார்க்கிற அறை கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கிள்ளான்காரர்கள் பிரிக்பீல்ட்ஸ் வந்து ஒத்திகை பார்ப்பதற்கு, நான் அங்கே ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்ப்பது காரணம் என்று அண்ணன் சொல்லுவார். பூக்கடைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கிடைக்கும் வடைதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அறைக்குத்தான் ஒரு நாள், கல்யாணம் நிச்சயமான பெண் ஒருத்தி வந்தாள். விளம்பரக் கம்பெனியில் வேலை, கழுத்தில் பெரிய ஹெட்ஃபோன். ரிசெப்ஷனுக்கு என்னென்ன பாட்டு வேண்டும் என்று அண்ணன் கேட்க, வழக்கமான காதல் பாட்டுகளை மடமடவென்று சொன்னாள். கடைசியில் ஒன்றை மட்டும் ஃபோனில் போட்டுக் காட்டினாள்.

முதலில் ஒரு பியானோ. அப்புறம் மழை நின்ற சாலை மாதிரி வழவழப்பான கிட்டார். அதன்மேல் ஒரு பெண் குரல், அழாமல், அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி. ஒரு சொல்லும் புரியவில்லை. கீபோர்டுக்கு மேலே கையை வைத்தபடி அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இது என்னம்மா பாஷை?" என்றார்.

ஜப்பான் பாட்டு என்றாள் பெண். அவள் பிறப்பதற்கு முன்னால் வந்ததாம். வந்த காலத்தில் அங்கே கொஞ்ச நாள் ஓடியது, பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். இப்போது திடீரென்று ஃபோனில் உயிர்த்தெழுந்துவிட்டது. ஜன்னலில் மழை வழிகிற படம், நகரத்து விளக்குகள், கார் ஓட்டிக்கொண்டு போகிற கார்ட்டூன் பெண், எதைத் திறந்தாலும் பின்னால் இந்தப் பாட்டுதான் என்றாள். அவள் ஆபீசில் மலாய்க்காரப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், எல்லோரும் இதைக் கேட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்களாம். மாப்பிள்ளையோடு அவள் முதன்முதலில் காரில் போனபோதும் இதுதான் ஓடியது. கல்யாணத்தில் இதை நேரில் யாராவது பாட வேண்டும் என்பது அவளுடைய கனவு.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தமிழ் பாடுவேன், இந்தி கொஞ்சம், மலாய் தேவைக்கு. ஜப்பானிய மொழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டு வாஷிங்மெஷின் பெயர் ஒன்றுதான். ஆனால் அந்தக் குரல் எனக்குள் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது. பாடுகிறேன் என்றேன்.

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை கொமுட்டர் ரயிலில் காதில் அதைப் போட்டுக்கொண்டு, கேட்கக் கேட்கத் தமிழில் எழுதினேன். நம்முடைய எழுத்தில் ஒரே 'த'வை வைத்துக்கொண்டு எத்தனை சத்தத்தைச் சமாளிப்பது? பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, மந்திரமா ஆன்டி என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஷா ஆலாமிலேயே இறங்கிக்கொண்டாள்.

பாட்டில் அடிக்கடி வருகிற ஒரு சொல் 'அனத்தா'. அவர்கள் பாஷையில் 'நீ' என்று அர்த்தம். பல்லவி முழுக்க அதுதான். கிளினிக்கில் கருவிகளைக் கழுவும்போது, பதிவெடுக்கும்போது, நோயாளியின் வாயில் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, எல்லாம் எனக்குள் அனத்தா, அனத்தாதான். ஒரு நாள் டாக்டர் கையிலிருந்த துளைக்கும் கருவியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "பல்லு வலி அவருக்கு. நீ ஏம்மா அனத்துற?" என்றார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தவர் அப்படியே சிரித்து, வாயிலிருந்த தண்ணீரெல்லாம் டாக்டரின் சட்டை மேல் போனது.

உச்சரிப்பு பிடிபட்ட பிறகுதான் அர்த்தத்தைத் தேடினேன். யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட்டிருந்தார்கள். படித்ததும் ரயிலில் என் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். அது பிரிவுப் பாட்டு. அவன் போய்விட்டான். சண்டை இல்லை, கூச்சல் இல்லை, நல்ல மனிதர்கள் பிரிகிற மாதிரி பிரிந்துவிட்டார்கள். அவள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். வெளியே மழை. கதவுக்குப் பின்னால் அவனுடைய குடை மட்டும் மாட்டியிருக்கிறது. மழையில் நனைந்துகொண்டா போகிறாய் என்று அவனைக் கேட்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

என் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு டிரம் ஸ்டூல் இருக்கிறது. வட்டமானது, கறுப்பு, சுழலும். அவர் போகும்போது விட்டுவிட்டுப் போனது. மேல் அலமாரி எனக்கு எட்டாததால் அதை வைத்திருக்கிறேன். வேறொன்றுமில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதன்மேல் ஏறி மிளகாய்த்தூள் எடுத்துச் சமைத்தேன்.

மறுநாள் பெண்ணுக்கு ஃபோன் செய்து அர்த்தத்தைச் சொன்னேன். கல்யாணத்தில் இது வேண்டுமா என்று கேட்டேன். அவளுக்கு முன்பே தெரியுமாம்.

"அக்கா, யாருக்குக்கா புரியப் போவுது? ஃபீலிங்தான் முக்கியம்லா" என்றாள்.

அண்ணனுக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். அண்ணன் மங்கலம் பார்க்கிறவர். பிள்ளையார் பாட்டு இல்லாமல் எந்த விருந்தையும் தொடங்க மாட்டார். கண்ணீர், தனிமை, கல்லறை, விஷம் என்று ஏதாவது ஒரு சொல் வந்தாலும் அந்தப் பாட்டை மண்டபத்துக்குள் விடமாட்டார். அவர் கேட்டபோது, இது மழைப் பாட்டு என்றேன். அது பொய்யும் இல்லை.

ஒத்திகைதான் பெரும்பாடாகிவிட்டது. அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் கிட்டத்தட்ட வேண்டியதே இல்லை. தூரத்தில் யாரோ நடந்துபோகிற மாதிரி மெதுவாக ஒரு தட்டு, அப்புறம் கொஞ்சம் காத்திருப்பு, மறுபடி ஒரு தட்டு. என் முன்னாள் கணவருக்கு அந்தக் காத்திருப்பு ஆகாது. கை சும்மா இருந்தால் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும். முதல் சரணம் வரை பொறுத்துக்கொண்டார். இரண்டாவது சரணத்தில் அவள் குடையைப் பார்க்கிற இடத்தில், கிடுகிடுவென்று ஒரு உருட்டு உருட்டினார் பாருங்கள், கார்ட்டூன் பெண் காரோடு கடலில் விழுந்திருப்பாள்.

நான் திரும்பி முறைத்தேன். "அவங்க ஏன் முறைக்கிறாங்கன்னு கேளுங்கண்ணே" என்றார். மழை பெய்கிற பாட்டில் ஏன் சாமி ஊர்வலம் வருகிறது என்று கேட்கச் சொன்னேன். அண்ணன் இரண்டையும் ஒப்பித்துவிட்டு எழுந்து போய் அவர் கையிலிருந்த குச்சிகளில் ஒன்றைப் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மிச்ச ஒத்திகை முழுவதும் அவர் ஒற்றைக் குச்சியோடு, சாப்பாடு கொடுக்காமல் உட்கார வைத்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பாட்டு நன்றாக வந்தது.

கல்யாண விருந்து கிள்ளானில், ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு மேலே இருக்கிற மண்டபத்தில். மேடையில் வெள்ளைப் பூக்கள், புகை விடுகிற இயந்திரம், ஐந்து அடுக்கில் ஒரு கேக். பிள்ளையார் பாட்டில் தொடங்கினோம். காதல் பாட்டுகள் ஓடின. ஆட்டிறைச்சிப் பிரட்டல் வந்த நேரத்தில் யாரும் எங்களைப் பார்க்கவில்லை, அது எப்போதும் அப்படித்தான். சாப்பாடு ஓய்ந்ததும் பெண் மேடையிலிருந்தே எனக்குச் சைகை காட்டினாள். விளக்குகளைக் குறைத்தார்கள். அண்ணன் பியானோ சத்தத்தைத் தொடங்கினார்.

நான் பாடினேன். பெண்ணின் ஆபீஸ் நண்பர்கள் உட்கார்ந்திருந்த மேசைகளில் முதல் வரிக்கே கூச்சல் எழுந்தது, எல்லோரும் ஃபோன் விளக்கைப் போட்டுக் கையைத் தூக்கி ஆட்டினார்கள். பெரியவர்கள் மேசைகளில் ஐஸ்கிரீம் கிண்ணங்கள் அப்படியே நின்றன. பல்லவிக்கு வந்தேன். அனத்தா, அனத்தா. முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவருடைய உதடுகள் அசைந்ததும் தெரிந்தது. நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பொண்ணு ஏன் 'அனாதை, அனாதை'ன்னு பாடுது என்று அவர் கேட்டதைப் பிறகு கிட்டார்காரர் சொன்னார். அவர் எங்களிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.

பாட்டு முடிந்தது. நல்ல கைத்தட்டல். அத்தோடு போயிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. கைத்தட்டல் அடங்குவதற்குள் வெள்ளை பாத்திக் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் மேடை ஏறி வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார். பெண்ணுடைய பெரியப்பா. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஜப்பான் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனி அவரை இளமையில் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியிருந்ததாம். அதிலிருந்து குடும்பத்தில் அவர் பெயர் ஜப்பான் பெரியப்பா. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. பெண்ணுக்கு முன்பே தெரியும். மேடையில் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். அவரை மறந்துவிட்டிருக்கிறாள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் பெரியப்பா. தான் ஜப்பானில் இருந்த காலத்தில் ஹாஸ்டல் ரேடியோவில் இந்தப் பாட்டைப் போடாத நாளே இல்லை என்றார். இவ்வளவு காலம் கழித்துத் தன் வீட்டுப் பிள்ளையின் கல்யாணத்தில் கேட்கும்படி ஆனதே என்று குரல் தழுதழுத்தது. எல்லோரும் கைத்தட்டினார்கள். அதில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாட்டோட அர்த்தம் உங்களுக்குத் தெரியாதுல்ல, நான் சொல்றேன்" என்றார்.

அவருடைய ஜப்பானிய மொழி தொழிற்சாலையில் கற்றது. அதனால் விளக்கமும் அந்த வழியில்தான் வந்தது. வெளியே மழை பெய்கிறது என்றார். தரை ஈரமாக இருக்கிறது, வழுக்கும், எல்லோரும் ஜாக்கிரதையாக நடக்க வேண்டும் என்றார். பாட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. சரி, இப்படியே போனால் தப்பித்துவிடலாம் என்று நான் மூச்சு விட்டேன். அதற்குள் அவர் மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "அவன் போயிட்டான். இனிமே வரமாட்டான். இந்தப் பொண்ணு தனியா நிக்குது. அவன் குடை மட்டுந்தான் வீட்டுல இருக்கு" என்றார்.

மண்டபத்தில் ஏர்கோன் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் தாயார் எழுந்து நின்றார். பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "என்னங்க சம்பந்தி இது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெண்ணின் அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. எனக்குப் பார்க்க ஆளில்லாமல் பின்னால் திரும்பினேன். டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து என் முன்னாள் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் உதிரிப்பாக வியாபாரி என்று சொன்னேன் அல்லவா? வேறு மாடல் லோரிக்கான பாகத்தை எடுத்துக் கொடுத்து, இதுவும் பொருந்தும் பாஸ், ஒரு தட்டுத் தட்டினால் உட்கார்ந்துவிடும் என்று சொல்லி விற்கத் தெரிந்தவர். கீபோர்டை விட்டு எழுந்து வந்தார். பெரியப்பா சொன்னதில் ஒரு குறையும் இல்லை என்று தொடங்கினார். ஆனால் ஒரு சின்னத் திருத்தம். "ஜப்பான் பாஷைல அவன், அவள்னு வித்தியாசம் கெடையாதுங்களே பெரியப்பா?"

பெரியப்பா யோசித்தார். மைக் அவர் வாயருகே இருந்ததால் அவர் மூச்சு விடுவது மண்டபம் முழுக்கக் கேட்டது. தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "பெரும்பாலும் கெடையாது" என்றார்.

"அதான் விஷயம்" என்றார் அண்ணன். போனது ஆண் இல்லை, மகள். மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிற தாய் பாடுகிற பாட்டு இது. மகள் இனிமேல் இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருவாள். அவளுடைய குடை மட்டும் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே மழை பெய்கிறதே, என் பிள்ளை நனைகிறாளோ என்று தாய் கேட்கிறாள். ஜப்பானில் இந்தப் பாட்டு இல்லாமல் கல்யாணமே நடக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்.

பெண்ணின் அம்மாதான் முதலில் உடைந்தார். அவளோட குடை எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாலதான் தொங்குது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அனாதை என்று சொன்ன அம்மாளும் அழுதார். மாப்பிள்ளையின் தாயாருக்குப் பினாங்கில் கட்டிக் கொடுத்த மகள் ஒருத்தி இருக்கிறாள். அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, அழுது முடித்து, கைக்குட்டையை மடித்துவிட்டு, "இன்னொரு தடவ பாடச் சொல்லுங்க" என்றார்.

மறுபடி பாடினேன். இந்தத் தடவை மண்டபத்தில் ஒரு கரண்டி சத்தம் இல்லை. இரண்டாவது சரணத்தில், குடை வருகிற இடத்தில், பின்னால் உருட்டு வரும் என்று முதுகை இறுக்கிக்கொண்டேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு குச்சிகளையும் கீழே வைத்துவிட்டு விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, ஒரு காத்திருப்பு. அவருக்கு அப்படிக் காத்திருக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் ஒரு வரியை விழுங்கிவிட்டேன். தெரியாத பாஷையில் பாடுவதில் உள்ள பெரிய வசதி அதுதான், யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஜப்பான் பெரியப்பா மட்டும் ஒரு நொடி புருவத்தைத் தூக்கினார்.

விருந்து முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போது என் முன்னாள் கணவர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அண்ணன் முன்னால் இருந்தார். அண்ணன் வழியாக இல்லாமல், நேராக என்னிடம் கேட்டார்.

"அது மக பாட்டு இல்லதானே?"

"இல்ல."

"பெரியப்பா சொன்னதுதான் சரியா?"

"தரை வழுக்குறதத் தவிர."

சிரித்தார். டிரம்மை உள்ளே தள்ளினார். கொஞ்ச நேரம் வேன் கதவில் விரலால் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் குடை மாதிரி என்னோடது ஏதாச்சும் ஒங்கிட்ட இருக்கா?" என்றார்.

"ஸ்டூல் இருக்கு. அது மேல ஏறித்தான் மிளகாய்த்தூள் எடுக்கறேன்."

"வச்சுக்க. நான் வேற வாங்கிட்டேன்."

அவ்வளவுதான் பேசினோம். ஏனோ எனக்கு மனம் லேசாக இருந்தது. அண்ணன் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, அப்படியானால் இனிமேல் நீங்களே பேசிக்கொள்வீர்களா என்று கேட்டார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அந்தப் பதவி அவருக்குப் பிடித்துப் போயிருந்திருக்க வேண்டும். மழைப் பாட்டு விஷயத்துக்காக மட்டும் பத்து நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதினோராவது நாள் பேசினார், ஏனென்றால் ஃபோன் வரத் தொடங்கிவிட்டது. மகளை அனுப்பி வைக்கிற அந்த ஜப்பான் பாட்டைப் பாடுகிற குழு நீங்கள்தானே என்று பூச்சோங்கிலிருந்து ஒருவர் கேட்டார். காப்பாரிலிருந்து ஒருவர். பூச்சோங் விருந்தில் தாய்மார்கள் அழுவதற்குத் தயாராகவே கைக்குட்டையோடு வந்திருந்தார்கள். காஜாங்கில் ஒரு பெண்ணின் அம்மா பாட்டின் கதையை எனக்கே சொன்னார். அது பழைய ஜப்பானில் உண்மையாக நடந்தது என்றும், அந்தத் தாய் சாகும்வரை குடையை யாருக்கும் கொடுக்கவில்லை என்றும் சொன்னார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஸ்டூடியோவில் நின்று அந்தப் பாட்டைப் பாடிய பெண்மணிக்கு, தான் கிள்ளான் வட்டாரத்துச் சம்பந்திகளைச் சேர்த்து வைப்பது தெரிந்தால் என்ன நினைப்பார் என்று சில நேரம் யோசிப்பேன்.

ஜப்பான் பெரியப்பா எங்களை விடவில்லை. தன் பழைய தொழிற்சாலையின் குடும்ப தினத்துக்கு எங்களைப் பேசி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெலுக் பங்லிமா காராங்கில், கூடாரம் போட்டிருந்தார்கள். காஜாங்கிலிருந்து, குச்சியில் கோத்துச் சுட்ட சாத்தே வரவழைத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு ஜப்பான்காரர் உட்கார்ந்திருந்தார். மேலாளர். ஒல்லியாக, நரைத்த தலையோடு, ஓய்வுபெறப் போகிறவர். அவர் கண்ணில் தண்ணீர் வராமல் போகாது என்று பெரியப்பா எங்களிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார். இத்தனை நாளில் அந்த பாஷையைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒருவர் முன்னால் நான் பாடியதே இல்லை.

பாடினேன். கூடாரத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்க்காமல் அந்த மனிதரையே பார்த்தார்கள். அவர் சாத்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு குச்சி முடிந்ததும் அடுத்த குச்சி. பாட்டு முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து குனிந்து வணங்கினார். என் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, தன் முன்னாள் மனைவிக்கு இது மிகவும் பிடித்த பாட்டு என்றார். காலையிலும் மாலையிலும் வீட்டில் இதுதான் ஓடுமாம். தனக்கு எப்போதுமே பிடிக்காது என்று மரியாதையாகச் சேர்த்துக்கொண்டார்.

பின்னாலிருந்து என் முன்னாள் கணவர், "சேம் சேம் சார்" என்றார்.

ஜப்பான்காரர் எட்டிப் பார்த்தார். இருவரும் கைகுலுக்கினார்கள். ஐந்து நிமிஷத்தில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் பெரியப்பா உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். எதை எப்படிப் பெயர்த்தாரோ, மூன்று பேரும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்கள். நானும் கிட்டார்காரரும் வயர்களைச் சுருட்டினோம். அண்ணன் வேனை ஸ்டார்ட் செய்துவிட்டு, டோலில் கூட்டம் சேருவதற்குள் கிளம்பலாம், அவரைக் கூப்பிடு என்றார்.

மேசைக்குப் போனேன். தட்டில் சாத்தே குச்சிகள் குவிந்திருந்தன. அவர் இரண்டு குச்சிகளை எடுத்துக் கோப்பையின் விளிம்பில் தட்டி ஜப்பான்காரருக்கு ஏதோ ஒரு தாளம் காட்டிக்கொண்டிருந்தார். கிளம்பலாமா என்றேன்.

"அஞ்சு நிமிஷம்" என்றார்.

அவருடைய ஐந்து நிமிஷம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஜப்பான்காரர் சாத்தே தட்டை என் பக்கம் தள்ளினார். ஆட்டிறைச்சி தீர்ந்துவிட்டிருந்தது. கோழிதான் இருந்தது, ஆறிப்போய். அதை எடுத்துச் சாப்பிட்டேன்.